என் ஜனாஸாவுக்கு வந்தவர்கள்

ஆலங்குடா
18.07.2023

அன்பு மகள் ஷம்லாவுக்கு, உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் மூச்சோடும் சுகத்தோடும் இருக்கிறேன். இன்று காலையில் மூன்று துண்டுப் பாணும் சம்பலும் சாப்பிட்டேன், அதையும் எழுதிவைக்கிறேன், இனி யாரும் சந்தேகப்படக் கூடாது. உன் வாப்பாவும் சுகம். நீயும் மருமகனும் பேத்தியும் கத்தார் வெயிலில் வாடாமல் இருக்க துஆச் செய்கிறேன். சனிக்கிழமை நீ போன் எடுத்தபோது இரண்டு பேரும் அழுததிலேயே முக்கால்வாசி நேரம் போய்விட்டது, மிச்சத்தில் நீ வாப்பாவை ஏசினாய். நடந்ததை முழுசாகச் சொல்ல ஏலாமல் போய்விட்டது. வொய்ஸ் போடுங்கள் உம்மா என்றாய். போட மாட்டேன். இந்தக் கதையை வொய்ஸில் போட்டால் அந்திப்பட மஃரிபுக்குள் கல்பிட்டி முழுக்கக் கேட்கும். கடிதத்தை ஒருவரும் போர்வேர்ட் பண்ண முடியாதல்லவா. ஜப்பார் நானாவின் பொஞ்சாதி வியாழக்கிழமை மகனிடம் அங்கே வருகிறா. அவவிடம் கொடுத்தனுப்புகிறேன், கூடவே கட்டாக் கருவாடும் இருக்கிறது, பிரித்ததும் வெயிலில் காட்டு.

விசயத்துக்கு வருகிறேன். நம்முடைய போட்டின் பெயர் உனக்குத் தெரியும், யுத்தம் முடிந்த வருசம் வாங்கும்போது வாப்பா என் பெயரைத்தான் எழுதினார், அதற்காக நான் எத்தனை நாள் பெருமையடித்தேன் என்பதும் உனக்குத் தெரியும். அந்தப் பெருமைதான் என்னை மௌத்தாக்கியது. சனிக்கிழமை விடிய கச்சான் காற்று மூசியடிக்க, போட் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு போய்ப் பார்க்கல்லில் மோதி அடிப்பக்கம் பிளந்துவிட்டது. வாப்பா கரையில் நின்று அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். மரணத்துக்குச் சொல்கிற இன்னா லில்லாஹியைத் தேத்தண்ணிக் கோப்பை உடைந்தாலும் சொல்கிற மனிசன் அவர், அன்றைக்குச் சும்மா இருப்பாரா. ஊர் வட்ஸ்அப் குறூப்பில் எழுதியிருக்கிறார்: “றஹ்மத் போய்விட்டாள். பதினாலு வருசம் என்னைச் சுமந்தவள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.” போட்டின் படமும் போட்டிருக்கிறார், ஆனால் சிக்னல் இல்லாமல் படம் போகவில்லை, எழுத்து மட்டும் போய்விட்டது. அதோடு போனில் சார்ஜும் முடிந்துவிட்டது. அவர் போனைக் கரையில் வைத்துவிட்டு உடைந்த போட்டைப் பிடிக்கக் கடலுக்குள் இறங்கிவிட்டார்.

நம் லாபிரை உனக்குத் தெரியும்தானே, ஜனாஸா அறிவித்தல் போடுகிற பக்கத்தை நடத்துகிறவர், நல்ல மனிசன், ஆனால் ஒரு மௌத்துச் செய்தியை அடுத்த ஊர்க்காரர் தனக்கு முந்திப் போட்டுவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கறுப்புப் பின்னணியில் என் பெயர், பாறூக்கின் அன்பு மனைவி, கத்தாரில் இருக்கும் ஷம்லாவின் தாயார், அசர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்று எல்லாம் சரியாக எழுதிப் போட்டுவிட்டார். நல்லடக்க நேரத்தை அவருக்கு யார் சொன்னது என்று இன்றைக்கும் தெரியாது. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருசம், வாப்பா பதினாலு என்று எழுதியிருக்கிறாரே என்று ஒருத்தருக்கும் யோசனை வரவில்லை மகள். பெண்டாட்டி தன்னைச் சுமந்தாள் என்று எழுதின புருசனைப் பார்த்து ஊர்ப் பெண்கள் எல்லாம் கண் கலங்கினார்களாம், அவ்வளவுதான்.

நான் எங்கே இருந்தேன் தெரியுமா, நுரைச்சோலையில் மிளகாய்த் தோட்டத்தில். போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு விடியவே போய்விட்டேன். மதியம் லுஹர் தாண்டித் திரும்பி வரும்போது ஓட்டோக்காரர், எத்தாளைப் பக்கத்து ஆள், என்னைத் தெரியாதவர், ஆலங்குடாவில் மையித்து வீடு, பாதை நிறைய ஆட்கள் என்றார். யார் மௌத்து என்று கேட்டேன். போட்காரர் பாறூக்கின் மனைவி என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் சாகவில்லை என்பது எனக்கு முதலில் தோன்றவில்லை, அப்படியென்றால் அந்த மனிசனுக்கு இன்னொருத்தி இருந்திருக்கிறாள் என்றுதான் புத்தி போனது. அந்த ஐந்து நிமிசத்தில் உன் வாப்பாவை நான் மனசுக்குள் என்னென்ன பேசினேன் என்பதை அல்லாஹ் ஒருவன்தான் அறிவான், பிறகு அவரிடம் மாப்புக் கேட்டுவிட்டேன்.

வீட்டு வாசலில் தறப்பாள் கட்டி, பள்ளிவாசல் கதிரைகள் எல்லாம் வந்து இறங்கியிருந்தன. மையித்து ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறது, வாப்பாவும் அங்கேதான் நிற்கிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். மிளகாய்ப் பையோடு நான் இறங்கியதும் பக்கத்து வீட்டு அல்பொன்சா கையிலிருந்த தேத்தண்ணித் தட்டத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அதன் பிறகு நடந்த கூச்சலை எழுத ஏலாது, சிரித்தவர்கள் பாதி, அழுதவர்கள் பாதி, என்னைத் தொட்டுப் பார்க்காதவர் இல்லை. லாபிர் ஓடிவந்து காலில் விழாத குறை. உடனே ஒரு திருத்தம் போட்டார், “றஹ்மத் உம்மா அவர்கள் மௌத்தாகவில்லை, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று. நான் உயிரோடு இருப்பது யாருக்குச் சிரமம் என்று கேட்டேன், அந்த ஆளுக்கு முகம் சிவந்துவிட்டது.

போனைத் திறந்தால் முந்நூறுக்கு மேல் செய்தி. என் பிரியாணியைப் புகழாத ஆளில்லை, உயிரோடிருக்கும்போது உப்புக் கூட என்று சொன்னவர்களெல்லாம் உருகி உருகி எழுதியிருந்தார்கள். மௌத்தாவதற்கு முன்பே இதையெல்லாம் வாசிக்கக் கிடைப்பது எத்தனை பேருக்கு நடக்கும் சொல். நான் சிரித்துச் சிரித்து வாசித்துக்கொண்டு வந்தேன். அதில் ஒரு வொய்ஸ், என் தங்கச்சி, உன் சாச்சி றம்ஸியாவின் நம்பரிலிருந்து. உடனே திறக்கவில்லை, அல்பொன்சாவைப் பக்கத்தில் கூப்பிட்டேன்.

ஆறு வருசம் மகள். மன்னாரில் உன் சாச்சி மகள் அமானியின் நிச்சயத்துக்குப் போனபோது, பெண்கள் அறையில் அவள் தலையில் முக்காடு இல்லாமல், மல்லிகைப்பூவோடு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு அழகு. ஒரு படமெடுத்துப் பேஸ்புக்கில் போட்டேன். நம் ஆட்கள் மட்டும்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தேன், உலகமே பார்க்கும்படி போட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் ஆரோ ஒரு நாசமாய்ப் போனவன் அதை எடுத்து வேறு பக்கத்தில் போட்டு, அதற்குக் கீழே எழுதியிருந்த கதைகளை இந்தக் கடிதத்தில் எழுத எனக்குக் கை கூசுகிறது. மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தத்தை விட்டுவிட்டார்கள். அன்றைக்கு றம்ஸியா இனி தனக்கு ராத்தா இல்லை என்று சொல்லி என்னை புளொக் பண்ணினாள். ஒவ்வொரு பெருநாளுக்கும் வாழ்த்து அனுப்புவேன், ஒரு டிக்கோடு நின்றுவிடும். தொண்ணூறில் புலிகள் நம் சனத்தை விரட்ட, ஒரே இரவில் ஊரை விட்டு நடந்து வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் அவள். அப்போது பிரியாத நாங்கள் ஒரு படத்தில் பிரிந்தோம்.

அந்த வொய்ஸை அல்பொன்சாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன். மையித்துக்குப் பக்கத்தில் யாராவது இருந்து கேட்கட்டும் என்று என் நம்பருக்கே போட்டிருந்தாள். அழுகையில் பாதி விளங்கவில்லை. “நான் வாறேன் ராத்தா. நான் வரும்வரைக்கும் யாரும் உங்களக் குளிப்பாட்டக் கூடாது. அமானிட விசயத்த நான் உங்களுக்கு மாப்பு செஞ்சிட்டேன்.” அதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோசத்தை எப்படி எழுத, முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் குழந்தைப் பிள்ளை மாதிரித் துள்ளினேன். ஆனால் அடுத்த நிமிசமே துள்ளலை நிறுத்திவிட்டேன். அவள் மாப்பு செய்தது மையித்துக்கு. நான் மையித்தில்லையே. உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னால் அவள் வருகிற வான் வண்டி பாதி வழியில் திரும்பிவிடுமோ. சொல்லாமல் விடுவோமா, வந்து இறங்கட்டும், வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மனசு சொன்னது, உனக்கு நான் பொய் எழுத மாட்டேன். அந்த நேரம் பார்த்து வாப்பா கடலில் இருந்து ஈரத்தோடு வந்து சேர்ந்தார், எத்தாளைப் போட்காரர் நாலு பேரும் கூட வந்தார்கள், குறூப்பில் பார்த்துவிட்டு ஜனாஸாவுக்கு வந்தவர்கள் அப்படியே கடலில் இறங்கிப் போட்டை இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார்கள். வாப்பா வொய்ஸைக் கேட்டுவிட்டு, ஏமாற்றி வரவழைத்தால் இந்த முறை உண்மையாகவே தங்கச்சி இல்லாமல் போய்விடுவாள் என்றார். நான் போனை எடுத்துச் சொன்னேன்: “றம்ஸியா, நான் மௌத்தாகல்ல. போன போட்டுக்குத்தான் என்ட பேரு. நீ திரும்பிப் போறதெண்டாப் போ, நான் கோவிக்க மாட்டேன்.” ஆறு வருசத்துக்குப் பிறகு இரண்டு டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் நீலமானது. 

அசர் ஆனது, கூட்டம் கலையவில்லை. மையித்து வீட்டில் அடுப்பு எரியாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சமைத்த சோறும் பருப்பும் மீன்கறியும் வந்து நிறைந்துவிட்டன, எல்லாரும் அதைச் சாப்பிட்டுக்கொண்டு என் தங்கச்சி வருவாளா மாட்டாளா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சூரியன் கடலைத் தொடும்போது மன்னார் வான் வந்து நின்றது மகள், வந்துவிட்டாள், தெரிந்துகொண்டே வந்துவிட்டாள். நான் ஓடினேன். அவள் கையை நீட்டி என்னைத் தூரத்திலேயே நிறுத்தினாள். தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “மாப்பு செஞ்சது மௌத்தானவங்களுக்கு. உசிரோட இருக்கிறவங்க கேட்டு வாங்கோணும்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு வருசமாக நான் அனுப்பியது எல்லாம் பெருநாள் வாழ்த்து, துஆ, பூப்படம், எனக்குத் தெரியாமல் நடந்தது என்ற விளக்கம். மாப்பு என்ற ஒரு சொல்லை நான் ஒருநாளும் எழுதியதே இல்லை. எவ்வளவு பெரிய மடைச்சி உன் உம்மா என்று பார். வானுக்குள் அமானியும் இருந்தாள், இப்போது மன்னாரில் படிப்பிக்கிறாளாம், மெலிந்திருந்தாள். ஊர் பார்க்கச் செய்த பிழை, ஊர் பார்க்கவே கேட்டேன். முதலில் அமானியிடம், பிறகு அவள் உம்மாவிடம், எனக்கு மாப்பு செய்யுங்கள் என்று, ஒரு விளக்கமும் சொல்லாமல். றம்ஸியா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, குளிப்பாட்ட வந்தவளை இப்படி அழவைக்கிறீங்களே என்று என் முதுகில் அடித்தாள். நல்ல அடி, இன்னும் வலிக்கிறது. இரண்டு நாள் இருந்துவிட்டு நேற்றுத்தான் போனார்கள், வீடு கலகலவென்று இருந்தது.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதே. பேத்தி குளிக்கிற படத்தையும் அழுகிற படத்தையும் நீ போடுகிறாய். மூன்று வயதுப் பிள்ளையிடம் என்ன கேட்பது என்று சொல்வாய். கேட்க முடியாத பிள்ளை என்றால் போடாமல் விடு. எவருடைய மௌத்துச் செய்தி வந்தாலும் அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு அழு. ஆனால் போனை எறிந்துவிடு என்று நான் சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் போட் கரைக்கு வந்திருக்காது, என் தங்கச்சியும் வந்திருக்க மாட்டாள். போட்டைத் தைத்துப் பூசலாம் என்று வாப்பா சொல்கிறார், பெயரை மாற்றச் சொன்னேன், மாட்டேன் என்கிறார். அல்லாஹ் உனக்கும் உன் குடும்பத்துக்கும் நீடித்த ஆயுளையும் ஈமானையும் பறக்கத்தையும் தரட்டும். மருமகனுக்கு என் ஸலாம், பேத்திக்கு முத்தம்.

ஒரு வேலை இருக்கிறது, மறந்துவிடாதே, இதற்காகத்தான் உட்கார்ந்து இவ்வளவும் எழுதினேன். போகும்போது அமானி என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுக் கேட்டாள். “அந்தப் படம் உங்கட்ட இன்னும் இருக்கா பெரியும்மா? அதுக்குப் பிறகு நான் ஒருத்தரையும் படமெடுக்க விடல்ல. அப்படிச் சிரிச்ச முகம் எனக்கே மறந்து போச்சு.” நான் பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் மகள். அன்றைக்கு உனக்கும் ஒன்று அனுப்பினேன், நீ ஒன்றையும் அழிக்காத பிள்ளை. தேடு. கிடைத்தால் போனில் அனுப்பாதே, எனக்கும் அனுப்பாதே. ஸ்டூடியோவில் ஒரே ஒரு பிரதி கழுவி, உறைக்குள் ஒட்டி, மேலே அமானியின் பெயரை மட்டும் எழுதி, ஜப்பார் நானாவின் பொஞ்சாதி திரும்பி வரும்போது கையில் கொடு. நான் உறையைப் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு
உன் உம்மா
பா. றஹ்மத் உம்மா