களமும் ஒரு காலைப் பேருந்தும்

2024 ஜூன் 19, புதன்

இன்று வகுப்பு இல்லை. காலையிலிருந்து கல்லூரியிலேயே உட்கார்ந்து எங்கள் பொருளாதார மாதிரியைக் கணினியில் ஓட்டினேன். பதினொரு முறை பாதியில் நின்றது. பன்னிரண்டாவது முறை ஓடி முடிந்தது. நானும் பர்வேஸும் எழுந்து நின்று கை தட்டினோம். பர்வேஸ் என் ஆய்வு உதவியாளர், கடலோரப் புதுமடத்துக்காரர், கணினி அவர் சொன்னால்தான் கேட்கும். பக்கத்து அறையில் இருக்கும் தமிழ்த்துறைக்காரர்கள் யாருக்கோ பிறந்தநாள் என்று எட்டிப் பார்த்தார்கள். பிறந்தநாள்தான். இராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒரு பொதுச் சமநிலை மாதிரி பிறந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து இவரிடம் விளக்கினேன். "ஓரிடத்துல கூலி ஏறுனா இன்னோரிடத்துல ஆள் குறையும்ங்க. ஆள் குறைஞ்சா அங்க விளைச்சல் குறையும், விலை ஏறும். விலை ஏறுனா சனங்க வேற எதையோ வாங்கும். இப்படி மீன், மிளகாய், கூலி, கடை எல்லாம் ஒண்ணையொண்ணு இழுத்துட்டு இருக்கும். எங்க போய் நிக்குதுன்னு கணக்குப் போட்டுச் சொல்றதுதான் இந்த மாதிரி."

யோகேஸ்வரன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதான் பேர்லயே இருக்கே, மாதிரின்னு. பொருளாதாரம் மாதிரி, ஆனா பொருளாதாரம் இல்ல" என்றார்.

கால்நடை ஆய்வாளரைக் கட்டியவளுக்கு இது வேண்டும். அடுத்த கேள்வி: "இதுல ஆடு எங்க இருக்கு?" ஆடு, மாடு, கோழி எல்லாம் 'கால்நடை' என்று ஒரே பெட்டியில் இருக்கின்றன என்றேன். மனிதர் முகம் வாடிவிட்டது.

2024 ஜூலை 3, புதன்

ஆட்டைத் தனியாகப் பிரித்துச் சேர்த்தாயிற்று. மாதிரி மறுபடி நின்றுவிட்டது.

2024 ஜூலை 23, செவ்வாய்

ஆட்சியர் அலுவலகத்தில் திட்டக் குழுக் கூட்டம். அவர்கள் கையில் இருப்பது ஒரு திட்டத்துக்கான நிதி. வந்திருக்கும் கோரிக்கை மூன்று. பாம்பனில் ஐஸ் ஆலை, உச்சிப்புளியில் தென்னை நார் ஆலை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் எங்கள் ஊரில் புதர் மண்டிக் கிடக்கும் மிளகாய் உலர்களத்தைக் கூரையும் சூரிய உலர்த்தியும் போட்டுப் புதுப்பிப்பது. எதில் போட்டால் மாவட்டம் முழுக்க எவ்வளவு பலன் பரவும் என்று பார்த்துச் சொல்லத்தான் எங்கள் துறையைக் கேட்டிருந்தார்கள்.

மாதிரி சொன்னது: களம். அதுவும் மற்ற இரண்டையும்விட இரண்டு மடங்கு பலன்.

அந்த ஊரில் என் அண்ணன் மிளகாய் போடுகிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் படங்களைக் காட்டினேன். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திட்ட அலுவலர், "இவ்வளவு தெளிவா யாரும் இதுவரை சொன்னதில்லைம்மா" என்றார். வடை வந்தது. இரண்டு சாப்பிட்டேன்.

இரவு அண்ணன் மருதுபாண்டியின் போன். "ஏத்தா, நம்ம களத்துக்கு ஒன் கம்ப்யூட்டர் ஓட்டுப் போட்டுருச்சாமே!" ஊரே சொல்கிறதாம். கூட்டம் முடிந்து நான்கு மணிநேரம்கூட ஆகவில்லை.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

பர்வேஸ் வீட்டில் சாப்பாடு. அறிக்கை அச்சுக்குப் போகிற சந்தோஷத்தில் அவருடைய அம்மா நெய்ச்சோறும் மீன் ஆணமும் (குழம்புதான்) வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக் கனி அக்கா வந்து உட்கார்ந்தார். நண்டின் ஓட்டை உடைத்துச் சதையைப் பிரித்தெடுக்கும் கம்பெனியில் வேலை. வாய் ஓயாமல் பேசுகிறவர். பேச்சுவாக்கில்தான் கேட்டேன், ஏப்ரல் பாதியிலிருந்து ரெண்டு மாசம் மீன்பிடித் தடை வருகிறதே, அப்போது என்ன செய்வீர்கள் என்று.

"என்னத்தச் செய்ய? ஈ ஓட்டுவேன்."

"மங்கலம் பக்கம் அப்பத்தான மிளகாய்ப் பறிப்பு, ஆள் கிடைக்காம கெடக்குறாங்க. போக மாட்டீங்களா?"

கனி அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "இங்கன இருந்து அங்கன எப்புடிம்மா போறது? மூணு பஸ்ஸு மாறணும். மொத பஸ்ஸே ஏழரைக்கு. நான் போய்ச் சேருறதுக்குள்ள அவுக பறிச்சு முடிச்சுருவாக. கூட்டிட்டுப் போக ஆளிருந்தா இந்தத் தெருவுல நாப்பது பேரு வருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நெய்ச்சோறு அதன்பிறகு இறங்கவில்லை.

2024 ஆகஸ்ட் 12, திங்கள்

நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்?

என் மாதிரியில் மாவட்டம் முழுவதற்கும் ஒரே தொழிலாளர் சந்தை. வருடம் முழுவதற்கும் ஒரே கூலி. களம் வந்தால் மிளகாய்க்கு ஆள் வேண்டும். உடனே புதுமடத்தில் வேலையில்லாத பெண் மங்கலத்துக் காட்டில் வந்து நிற்கிறாள். எப்படி வந்தாள்? பறந்தா? மூன்று பஸ் மாறுகிறாள் என்று எந்தச் சமன்பாட்டில் இருக்கிறது? எதிலும் இல்லை. களத்தின் இரண்டு மடங்கு பலன் என்று நான் படம் போட்டுக் காட்டியதில் பாதி, வரவே முடியாத பெண்களின் உழைப்பு.

ரெண்டு வடை வேற தின்னுட்டு வந்திருக்கேன்.

பர்வேஸிடம் சொன்னேன். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். பிறகு, "வருஷத்தை ரெண்டா உடைக்கணும் மேடம். தடைக்காலம் தனி, மத்த மாசம் தனி. கரையோரம் ஒரு சந்தை, உள்ளூர் ஒரு சந்தை. நடுவுல போக்குவரத்து" என்றார். "எத்தனை நாள் ஆகும்?" "ரெண்டு வாரத்துல முடிச்சிருவோம், இன்ஷா அல்லாஹ்." அச்சகத்துக்குப் போன் செய்து நிறுத்தச் சொன்னேன்.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஊருக்குப் போனேன். அண்ணனிடம் எதையும் சொல்லவில்லை, கேட்க மட்டும் செய்தேன். போன வருடம் மூன்றாம் பறிப்பை ஆளில்லாமல் செடியிலேயே விட்டுவிட்டாராம்.

ஊரணியில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. சோணையம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பறிப்புக் காலத்தில் இந்த ஊரில் அவர்தான் ஆட்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவர். கரைப் பக்கத்துப் பெண்கள் நாற்பது பேர் பறிக்க வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"நல்லாத்தேன் இருக்கும், ஒங்க அண்ணனுக்கு" என்றார். "அவுக நாப்பது பேரு வந்து எறங்குனா எங்க கூலி என்னாகும் தாயி? இப்ப ஆளில்லாம இருக்கவுந்தேன் எங்கள வாங்க வாங்கன்னு கூப்புடுறாக. அத ஒன் கணக்குல போட்டியா?"

போடவில்லை. அதைத்தான் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். சமநிலை என்று பாடம் நடத்துகிறேன். அது எங்கே நிற்கும் என்று சோணையம்மாளுக்கு மண்வெட்டியில் சாய்ந்தபடியே தெரிகிறது.

2024 ஆகஸ்ட் 24, சனி

ஓடிவிட்டது! மூன்று விதமாக ஓட்டினோம்.

களம் மட்டும் வந்தால்: கையாள ஆளில்லை. களம் பாதி காலியாகக் கிடக்கும். பலன் மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிடுகிறது, தென்னை நாருக்கும் கீழே.

கரையிலிருந்து நேரே ஒரு பேருந்து மட்டும் விட்டால்: கரைப் பெண்களுக்கு வேலை உண்டு. ஆனால் உள்ளூர்ப் பெண்களின் கூலி இறங்குகிறது. சோணையம்மாள் சொன்னது அப்படியே, தசமப் புள்ளியோடு.

இரண்டும் சேர்ந்து வந்தால்: களத்தில் காய வைக்க, தரம் பிரிக்க, காம்பு கிள்ள இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது. வருகிற நாற்பது பேரையும் அது வாங்கிக்கொள்கிறது. கூலி இறங்காமல் அப்படியே நிற்கிறது. பலன் முதலிடம். முன்பு நான் சொன்ன அளவு இல்லை, ஆனால் இது உண்மையான முதலிடம்.

பர்வேஸ் கை தட்டவில்லை, நாற்காலியைச் சுற்றிவிட்டார். நான் ஐந்து முறை திரும்ப ஓட்டச் சொன்னேன். ஐந்து முறையும் அதே விடை.

2024 ஆகஸ்ட் 25, ஞாயிறு

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கூட்டத்தில் போய் என் பழைய முடிவு தப்பு என்று சொல்லப் போகிறேன் என்று.

"கிறுக்கா ஒனக்கு? நீயே குடுத்துட்டு நீயே புடுங்குற? பஸ்ஸு கிஸ்ஸுன்னு இழுத்தா ரெண்டும் இல்லாமப் போகும். கெடச்சத வாங்கிட்டுப் பேசாம இருக்க வேண்டியதுதான?"

"ஆளில்லாத களத்த வச்சு என்ன அண்ணே செய்வ? இப்பக் கெடக்குதே ஒண்ணு, அது மாதிரிதான் கெடக்கும்."

போனை வைத்துவிட்டார். அழுகை வந்தது. இவர் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊசி போட்ட பெறகு மாட்டுக்கு வேற நோய்னு தெரிஞ்சா, மாட்டுக்காரன் திட்டுவான்னு சொல்லாமயா வருவேன்?" என்னை மாட்டோடு சேர்த்ததற்குக் கோபப்பட மறந்துவிட்டேன்.

2024 செப்டம்பர் 3, செவ்வாய்

காலையில் புடவையை மூன்று முறை மாற்றினேன். பர்வேஸ் வாசலிலேயே நின்று, "பேசுங்க மேடம், பாத்துக்கலாம்" என்றார். 

முதல் வரியிலேயே சொன்னேன். "ஜூலையில நான் காட்டுன முடிவு தப்பு. எங்க தப்புன்னு இப்பச் சொல்றேன்."

 நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். புதுமடம், மூன்று பஸ், தடைக்காலம், ஊரணியில் கேட்ட கேள்வி.

திட்ட அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். "போன தடவை ஒண்ணு சொன்னீங்க. இப்ப ஒண்ணு சொல்றீங்க. அடுத்த தடவை என்ன சொல்வீங்க?"

"இதுலயும் தப்பு தெரிஞ்சா வந்து சொல்லுவேன் சார்."

எப்படி வாயில் வந்ததோ. ஒருவர் சிரித்தார். அப்புறம் இன்னொருவர். அலுவலர் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு மூன்றாவது படத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார். "ஆக, அறுபது பக்க அறிக்கையோட முடிவு ஒரு பஸ்ஸு?"

"ஒரு களமும் ஒரு பஸ்ஸும் சார். ஒண்ணை விட்டுட்டு ஒண்ணு வேண்டாம்."

பரிசீலிக்கிறோம் என்றார்கள். இன்று வடை வரவில்லை. பரவாயில்லை. வெளியே வந்து நானும் பர்வேஸும் ஆளுக்கு ஒரு சர்பத் குடித்தோம். உடம்பில் பாரமே இல்லை.

2024 செப்டம்பர் 4, புதன்

பதினொரு மணிநேரம் தூங்கியிருக்கிறேன்.

2024 டிசம்பர் 6, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. களம் உண்டு. தடைக்காலம் இரண்டு மாதமும் புதுமடத்திலிருந்து உச்சிப்புளி, இராமநாதபுரம் வழியாக எங்கள் ஊர் வரை காலை ஐந்தேகாலுக்கு ஒரு பேருந்து, மாலை திரும்பும் நடை ஒன்று. சோதனை முறையில், ஒரு வருடத்துக்கு.

முதலில் அண்ணனுக்குத்தான் போன் போட்டேன். ஆகஸ்டுக்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசவே இல்லை. "களை எடுத்துட்டு இருக்கேன், அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். ஒரு மணிநேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "அஞ்சேகாலுக்கா? எந்திரிச்சுருவாகளா அவுக?" அதுதான் அண்ணன் சமாதானம் பேசும் விதம். அரை ஏக்கர் கூடுதலாக மிளகாய் போட்டிருக்கிறாராம்.

2025 மார்ச் 24, திங்கள்

களம் திறந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் மிளகாய் நெடியில் தும்மினார்கள். பேச்சு சீக்கிரம் முடிந்தது. இனி எல்லா விழாவையும் மிளகாய்க் களத்திலேயே வைக்கலாம்.

2025 ஏப்ரல் 21, திங்கள்

முதல் பேருந்து, அதுவும் ஒரு வாரம் தாமதமாக. நானும் பர்வேஸும் கணக்கெடுப்புத் தாளோடு விடியுமுன்பே புதுமடம் நிறுத்தத்தில் நின்றோம். நாற்பது பேர் என்று மாதிரியில் போட்டிருந்தேன். வந்தது பத்தொன்பது.

கனி அக்கா முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "மத்தவளுக பாத்துட்டு வருவாளுக. மொத நாளே எவ வருவா?" என்றார்.  வழியெல்லாம் பாட்டும் சிரிப்புமாகத்தான் வந்தார்கள். ஊரில் இறங்கியதும் சத்தம் அடங்கிவிட்டது. சோணையம்மாளும் அவர் ஆட்களும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  சாப்பாட்டு வேளையில் இவர்கள் ஒரு வேம்பின் கீழ், அவர்கள் இன்னொரு வேம்பின் கீழ்.

2025 ஏப்ரல் 28, திங்கள்

முப்பத்தேழு பேர்! நான்கு பேர் நின்றுகொண்டு போனார்கள். பர்வேஸ் தாளில் எண்ணை எழுதிவிட்டு ஒரு பூவும் வரைந்து வைத்திருக்கிறார்.

சாப்பாட்டு நேரத்தில் கனி அக்காவின் தூக்குச்சட்டியைச் சுற்றி இரண்டு ஊர்ப் பெண்களும். உள்ளே கருவாட்டுத் தொக்கு.

2025 மே 7, புதன்

வகுப்பில் இருந்தபோது அண்ணன் நான்கு முறை அழைத்திருக்கிறார். பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"ஏத்தா, ஒன் கம்ப்யூட்டரு கூலி எறங்காது, ஏறாது, அப்புடியே நிக்கும்னுதான சொல்லுச்சு?"

"ஆமா அண்ணே."

"இங்கன வந்து பாரு. புதுமடத்துக்காரி ஒருத்தியும் நம்ம சோணையம்மாளும் ஒண்ணா வந்து வரப்புல நிக்கிறாக. ஆளுக்கு அம்பது ரூவா ஏத்தணுமாம். இல்லேன்னா நாளைக்கு ரெண்டு ஊரு ஆளும் வராதாம். இத ஏன் நீ சொல்லல?"

"எனக்கே தெரியாது அண்ணே." சிரிப்பை அடக்க முடியவில்லை. "மிளகாய் என்ன வெல போகுது?"

அண்ணன் குரலைத் தணித்துக்கொண்டார். "களத்துல காஞ்சதுக்கு நல்ல வெலதான்."

"அப்பறம் என்ன?"

"என்ன அப்பறம்? குடுக்க வேண்டியதுதான். வானம் வேற மூடிக்கிட்டு நிக்கிது, வையி போனை."

மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனேன். களத்தில் கனி அக்காவும் சோணையம்மாளும் ஒரே தார்ப்பாயின் இரண்டு முனையைப் பிடித்து மிளகாயைக் கூரைக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். மழை வருவதற்குள் எல்லாம் உள்ளே வந்துவிட்டது. மூவரும் மாறி மாறித் தும்மினோம்.

பிறகு பையிலிருந்து கணக்கெடுப்புத் தாளை எடுத்தேன். சோணையம்மாள் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"கூலின்னு போட்ட கட்டம் எதும்மா?"

காட்டினேன்.

"அதுல நேத்துக் கூலி கெடக்குதா? அடிச்சுட்டு எழுது."

அடித்துவிட்டு எழுதினேன்.