பால் புட்டிக்குப் பதில்

பாப்பாவின் அம்மாவுக்கு,

இன்று பாப்பாவின் முன்பற்கள் இரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். நாலு வயதில் இவ்வளவு சொத்தையா என்று பல் டாக்டர் கேட்டார். நீ வீட்டை விட்டுப் போனதிலிருந்து, அழுகை நின்றால் போதுமென்று நான் கொடுக்கும் சர்க்கரைப் பால் புட்டியை வாயில் வைத்தபடியேதான் தூங்குகிறாள் என்றேன். "இனிமே ராத்திரியில புட்டியே கூடாது" என்று சொல்லிவிட்டார்.

கடைக்கு வருகிறவர்களையெல்லாம் பேசியே மடக்குகிற என் பாச்சா இவளிடம் பலிக்கவில்லை. பொம்மை, சைக்கிள் எதற்கும் மசியவில்லை. கடைசியில், பல் போன வாயோடு, "அம்மா பாடினா புட்டி வேணாம்ப்பா" என்றாள்.

ஒப்புக்கொண்டுவிட்டேன். தினமும் அவள் தூங்கும்வரை நீ போனில் பாட வேண்டும். போனை அவளிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே போய்விடுவேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா