பானையின் மூடியும் உங்கள் சைக்கிளும்

இஞ்சாருங்கோ,

வாழ்ந்த காலம் முழுக்க உங்களை நான் கூப்பிட்டது இந்த ஒரு சொல்லால்தான். கடிதம் என்பதற்காக 'அன்புள்ள கணவருக்கு' என்று தொடங்கினால், "ஆரப்பா அது?" என்று கேட்பீர்கள். ஆகவே குசினிக்குள் இருந்து கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறேன். கமக்காரர் சங்கத்து மலரில் அச்சாகும் கடிதம் இது; ஊரும் வாசிக்கும். வாசிக்கட்டும். உங்களிடம் சொல்ல எனக்கு ஒளிவுமறைவான செய்தி எதுவும் இல்லை.

உங்கள் இரண்டாம் வருடத் திவசம் நன்றாக முடிந்தது. கத்தரிக்காய்க் கறியில் மட்டும் உப்புக் கொஞ்சம் கூட. சாப்பிட்டவர்கள் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்தது. மாமரம் இந்த முறை பூத்துக் கொட்டியிருக்கிறது. மருமகன் இன்னும் அனுராதபுரத்தில் புகையிரத வேலையில்தான். மாதத்தில் ஒரு தடவை வந்து போகிறார். வயலை நம் மகள் பரமேஸ்தான் பார்க்கிறாள்.

உங்களுக்குப் பிறகு வட்டவிதானை வேலைக்கு இன்னும் ஒருவரையும் எடுக்கவில்லை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், யாருடைய முறை என்று பார்க்கிற அந்தத் தலையிடியை வாங்க யாருக்கு ஆசை? இரண்டு வருடமும் மழை போதிய அளவு பெய்தது, ஆகவே பெரிதாகத் தெரியவில்லை. இந்த முறை மாரி மழை ஏமாற்றிவிட்டது. பங்குனி பிறந்தபோது குளத்தில் பாதித் தண்ணீர்.

பாதித் தண்ணீர் என்றால் என்ன வழக்கம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக்குக் கிட்ட இருக்கும் மேல் வயல்களை மட்டும் விதைப்பது. கடைவாய்க்கால்காரருக்கும் அந்த ஒரு போகத்துக்கு மேல் வயலில் பங்கு கொடுப்பது. நம்முடையது கடைவாய்க்கால். பங்கு கிடைக்காவிட்டால் நமக்கு இந்தச் சிறுபோக விதைப்பு இல்லை. அப்படியானால் வீட்டைப் பூட்டிக்கொண்டு மருமகனின் குவாட்டர்ஸுக்குப் போவதென்று பேச்சாகியிருந்தது. நீங்கள் காடு வெட்டிக் கட்டிய வீட்டை, நான் பூட்டுவதா?

கூட்டம் வழக்கம்போல் குளக்கட்டுப் பிள்ளையாரடியில். ஆண்கள் மரத்துக்குக் கீழே, பெண்கள் பொங்கல் பானையடியில். நீங்கள் போன பிறகு நான் பானைக்குக் கிட்டப் போவதில்லை, தள்ளி நின்றேன். முடிவு எடுத்த பிறகுதான் பொங்கல் பரிமாறுவது என்ற வழக்கமும், பரிமாறுவது வட்டவிதானை வீட்டார் என்ற வழக்கமும் அப்படியேதான் இருக்கின்றன. அகப்பை பரமேஸின் கையில்.

உங்கள் நண்பர் நாகலிங்கம் மேல் வயல்காரர் அல்லவா? எழுந்த எழும்பலிலேயே, "நான் இந்த முறை ஒருத்தனுக்கும் பங்கு குடுக்கமாட்டன்" என்றார்.

"குடுக்காமல் விட உது உன்ர அப்பன்ர குளமே? இந்தக் கட்டுக்கு நானும்தான் மண் சுமந்தனான்" என்று நம் கடைவாய்க்கால் பக்கத்துச் சின்னையா பாய்ந்தார்.

"சுமந்தனீதான். அதுக்குக் கூலியாய், முந்திப் பங்கு குடுத்த முறை என்ர வரம்பை உடைச்சுப் போட்டுப் போனனீ!"

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யார் என்ன சொல்கிறார் என்று யாருக்கும் கேட்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. கடைசியில் நாகலிங்கம் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பசிக்குது. பிள்ளை, பொங்கலைப் போடு. மிச்சத்தைப் பிறகொரு நாளைக்குப் பாப்பம்" என்றார். பிறகொரு நாள் என்றால் குளம் வற்றிய பிறகு என்று அர்த்தம்.

பரமேஸ் பானையை மூடினாள். மூடிக்கு மேல் அகப்பையை வைத்தாள்.

"முடிவு வரட்டும் மாமா. பிறகு பொங்கல்."

"அதுக்குள்ள புளிச்சுப் போமே பிள்ளை!" என்றார் சின்னையா.

"புளிச்சால் காகத்துக்குப் போடுறன். முடிவில்லாமல் எழும்பிப் போற ஆக்களுக்குப் போடமாட்டன்."

மறுபடி ஒரே இரைச்சல். அப்போதுதான் நான் கை தட்டினேன். கொன்வென்ற் சாப்பாட்டு மண்டபத்தில் மதர் தட்டுவாரே, அதே மாதிரி இரண்டு தட்டு. "ஒராள் கதைக்கேக்கை மற்றாக்கள் வாயை மூடுங்கோ!" என்றேன். நரைத்த தலைகள் எல்லாம் சின்னப் பிள்ளைகள் மாதிரி அமர்ந்தன. என் கொன்வென்ற் படிப்பை நீங்கள் கேலி செய்த நாட்களை அந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன் என்பதையும் பதிந்துவிடுகிறேன்.

ஆனால் அமைதி வந்த பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பரமேஸுக்குத் தெரிந்திருந்தது.

"நாகலிங்க மாமா, சின்னையா மாமாவுக்கு என்ன குறை எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

"அவன்ர கதையை நான் ஏன் சொல்லுறது?"

"அப்பா கேட்டால் சொல்லியிருப்பியள்தானே."

உங்கள் பேர் வந்ததும் மனிதர் தலையைச் சொறிந்தார். "அவனுக்கு… பங்கில்லாட்டில் அவன்ர குடும்பம் தைப்பொங்கல் வரைக்கும் கடையில அரிசி வாங்கித்தான் சாப்பிடவேணும். அது எனக்கு விளங்காமல் இல்லை" என்றார்.

இப்போது சின்னையாவின் முறை. நாகலிங்கத்தின் குறையை அவர் சொல்லவேண்டும். "வரம்பு," என்று தொடங்கினார். "இரவல் வயல் தானே எண்டு நாங்கள் கவனமில்லாமல் விட்டனாங்கள்தான். அவர் அதைத் திருப்பிக் கட்ட, மழை முந்திப் போச்சு. அவருக்கு ஒரு மூலை விதைக்காமலே கிடந்தது." அதற்குப் பிறகு யாரும் கேட்காமலே, "விதைப்புக்கு முதல் கடைவாய்க்கால் ஆக்கள் எல்லாரும் வந்து வரம்பு கட்டித் தாறம். அறுவடை முடியவும் கட்டித் தந்திட்டுத்தான் போவம்" என்றார்.

நாகலிங்கம் துவாயைத் தோளிலிருந்து எடுத்து நிலத்தில் விரித்து உட்கார்ந்தார். "சரி, சரி. பங்கைப் பிரியுங்கோ. பிள்ளை, இனியாவது மூடியைத் திற!"

பொங்கல் புளிக்கவில்லை.

ஒருவரின் குறையை மற்றவர் வாயால் சொல்லவைக்கிற அந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பாவாடை உடுத்திய நாளிலேயே அவளை உங்கள் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாய்த் திரிந்தீர்கள். "பொம்பிளைப் பிள்ளையை ஆம்பிளையளின்ர சண்டைக்கு ஏன் கூட்டிக்கொண்டு போறியள்?" என்று நான் கேட்டால், "சண்டையைப் பாக்கத்தான்" என்பீர்கள். பாடப்புத்தகமும் தையலும் பிள்ளைக்குப் போதும் என்றேன் நான். ஒருவனோடு ஒருவன் எப்படி ஒத்துப்போவது என்பதும் பாடம்தான், ஆனால் அதற்குப் புத்தகம் இல்லை, நேரில் நின்று பார்த்தால்தான் வரும் என்றீர்கள் நீங்கள். எத்தனை இரவுச் சாப்பாட்டை இந்த வாதத்தில் ஆறவிட்டோம்!

தையல் வீண் என்று இப்போதும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பொறுமை அங்கிருந்துதான் வந்தது. ஆனால் தண்ணீர் குறைந்த வருடத்தில் ஒரு ஊரை ஒன்றாக இருத்தி வைப்பதற்கு, படித்த படிப்போடு இன்னும் சில பழக்கங்கள் வேண்டும். பானையை எப்போது மூடுவது, யாரை முதலில் பேசவைப்பது, எப்போது தான் பேசாமல் இருப்பது. இவற்றைப் பழகாமல் வளர்கிற பிள்ளை, ஆணானால் என்ன பெண்ணானால் என்ன, ஒரு இடத்தில் திகைத்து நிற்கும். கை தட்டிவிட்டு நான் நின்ற மாதிரி. உங்களுக்கு இதை யார் பழக்கினார்கள்? கேட்காமலே இருந்துவிட்டேனே.

இப்போது ஊரில் ஒரு கதை உலாவுகிறது. வட்டவிதானை வேலையைப் பரமேஸே பார்க்கட்டுமே என்று சின்னையா சொல்லியிருக்கிறார். "பொம்பிளை வட்டவிதானையோ?" என்று சிலர் சிரிக்கிறார்கள். நாகலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவளை மரத்துக்குக் கீழே வந்து இருக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். போகிறேன் என்று சொல்லிவிட்டாள். பேசும்போது வசனத்தைப் பாதியில் விழுங்குகிறாள். அதை நான் திருத்திவிடுகிறேன்.

உங்கள் சைக்கிளை இதுவரை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. வெள்ளிதோறும் துடைத்துத் துடைத்து விறாந்தையில் வைத்திருந்தேன். நேற்றுக் கடைக்கு அனுப்பினேன், புது ரியூப் போட. சீற்றை உங்கள் உயரத்திலிருந்து அவளுடைய உயரத்துக்கு இறக்கவும் சொல்லியிருக்கிறேன். சேலையோடு அந்தப் பாரைத் தாண்டி எப்படி ஏறுவாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் ஏதாவது வழி கண்டுபிடிப்பாள். அதற்குத்தானே அவளைப் பாரில் இருத்திக்கொண்டு திரிந்தீர்கள்?

இந்த வீட்டை நான் பூட்டமாட்டேன். அவள் வாய்க்கால் பார்த்துத் திரும்பிவரும் நேரத்துக்குத் தேத்தண்ணி சூடாக இருக்கும். வந்தவளிடம், அங்கே யார் என்ன சொன்னார்கள் என்று முழுவதும் கேட்பேன். உங்களிடம் கேட்காமல் விட்ட அவ்வளவையும் சேர்த்து.

இப்படிக்கு,
நீங்கள் கூப்பிட்ட பேரிலேயே,
பரமேஸின் அம்மா