எட்டு ஸ்டூலும் ஒரே உயரம்

கூடப் பிறக்காமலே என் கூட இருந்த மதினிக்கு,

நீங்கள் கண்மூடி ஆறு மாதம் ஆகிவிட்டது. குற்றாலத்தில் இன்னும் சாரல் பிடிக்கவில்லை. அருவி நூலாக வழிகிறது. சீசனுக்கு முன்னால் கடையைக் கழுவலாம் என்று எட்டு ஸ்டூல்களையும் வெளியே எடுத்தேன். நிழலில்தான் வைத்தேன், பயப்படாதீர்கள்.

நேற்று தென்காசியிலிருந்து ஒருவர் வந்தார். இரும்பு மடக்கு நாற்காலி விற்கிறாராம். "இந்த மர ஸ்டூலெல்லாம் இன்னும் எத்தன நாளைக்கும்மா?" என்று கேட்டார். பத்து சாரல் பார்த்தவை என்றேன். நம்பாமல் ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. உங்களை விட்டால் யாரிடம் சொல்வேன்?

அண்ணன் காய்ச்சலில் இறந்த வருடம் அது. புகுந்த வீடு ஒத்துவராமல் நானும் திரும்பி வந்திருந்தேன். காபிக் கடையை மூடிவிட்டு நாம் இருவரும் வீட்டுக்குள் அடங்கிவிடுவோம் என்று ஊர் நினைத்தது. நீங்களோ கடையின் அகலத்தை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தீர்கள். ரயில் பெட்டி மாதிரி ஒடுக்கமான கடை. பெஞ்சு போட்டால் நடக்க வழி கிடையாது. "கொல்லம் ஸ்டேஷன்ல பாத்தேன் கோமதி. நீளமா ஒரு பலகை, அதுக்கு முன்னால ஒசர ஸ்டூலு. நின்னாப்லயும் இருக்கும், உக்காந்தாப்லயும் இருக்கும்" என்றீர்கள்.

செங்கோட்டை ஆசாரி முதலில் வேங்கைத் துண்டு ஒன்றைக் கொண்டு வந்தார். உறுதியான மரம், விலையும் குறைவு என்றார். நீங்கள் அதைச் சொம்புத் தண்ணீரில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனீர்கள். திரும்பி வந்தபோது தண்ணீரில் சாயம் இறங்கியிருந்தது. உங்கள் வெள்ளைச் சேலையின் முந்தானை நுனியை அதில் முக்கி ஆசாரியிடம் காட்டினீர்கள். "அருவில குளிச்சிட்டு ஈர வேட்டியோட வருதவங்க இதுல உக்காந்தா என்ன ஆவும் ஆசாரியாரே?"

ஆசாரி வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப ஆஞ்சிலி மதி. வள்ளம் பணியுத தடியாக்கும். வெள்ளம் ஒண்ணும் செய்யாது." படகு கட்டும் மரம், தண்ணீருக்கு அசையாது என்று நமக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆணி ஒன்றுகூடக் கூடாது, துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கும் என்றும் சொல்லிவிட்டீர்கள். எல்லாம் மரமுளைதான். சேலை கட்டியவர்களும் கூச்சமில்லாமல் ஏறி உட்கார வேண்டும் என்று கால் வைக்கும் கீழ்க்கட்டையை அகலமாக வைக்கச் சொன்னீர்கள். மரத்தைப் பார்க்கும்போதே அதில் உட்காரப் போகிறவர்களையும் எப்படிப் பார்த்தீர்கள் மதினி?

பராமரித்ததைச் சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். கடை சாத்துமுன் ஒவ்வொன்றையும் உலர்ந்த துணியால் துடைத்து, கால் மேலே இருக்கும்படி பலகை மேல் கவிழ்ப்பீர்கள். வெயிலில் வைத்தால் மூட்டு விரியும் என்று நிழலில் மட்டும் காய வைப்பீர்கள். வருடத்துக்கு ஒருமுறை கால்களின் அடியில் ஈரம் ஏறாமலிருக்க முந்திரி ஓட்டு எண்ணெய் ஏற்றுவீர்கள். பட்ட இடத்தைப் பொசுக்கிவிடும் எண்ணெய். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும்; அந்தக் கையாலேயே காபி ஆற்றுவீர்கள். காலைத் தட்டிப் பார்த்தே எந்த மூட்டு இளகியிருக்கிறது என்று சொல்லிவிடுவீர்கள். எப்படித் தெரிந்தது? கேட்காமலே இருந்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நம்மிடம் வாடகை வாங்கிய கட்டடத்துக்காரர் நினைவிருக்கிறதா? தமக்கென்று தனியாக ஒரு ஸ்டூல் வேண்டும், வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். நான் பயந்துபோய், உங்களிடம் கேட்காமலே கடைசி ஸ்டூலில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து ஒதுக்கி வைத்தேன். நீங்கள் வந்தீர்கள், பார்த்தீர்கள். துண்டை எடுத்துப் பலகையைத் துடைத்துவிட்டு பாய்லரைக் கவனிக்கப் போய்விட்டீர்கள். நீங்கள் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

அன்று மத்தியானமே அவர் வந்தார். சாரல் நாள்; கடை நிறைந்திருந்தது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் மாடசாமிக்குப் பக்கத்து ஸ்டூல் மட்டும் காலி. கட்டடத்துக்காரர் அதில் உட்காரவில்லை.

"எண்ணெ தேய்க்குதவனும் நானும் ஒரே ஒசரத்துல உக்காரணுமோ?"

மாடசாமி டம்ளரோடு எழுந்துவிட்டார். நீங்கள் அவரைத்தான் முதலில் பார்த்தீர்கள். "உக்காருங்க மாடசாமி. காபி இன்னும் குடிச்சு முடிக்கலைல்லா?" பிறகு கட்டடத்துக்காரர் பக்கம் திரும்பினீர்கள். "எட்டையும் ஒரே அளவுலதான் செஞ்சிருக்கு அண்ணாச்சி. ஒண்ணைக் கூட்டிக் கொறைக்க முடியாது."

"அப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டடத்தக் காலி பண்ணு."

"சரி அண்ணாச்சி. உங்களுக்குப் போட்ட காபி ஆறுது, குடிச்சிட்டுப் போங்க."

குரல் கொஞ்சமும் உயரவில்லை. அண்ணன் விட்டுப்போன ஒரே ஆதாரம் அந்தக் கடைதானே? மதினிக்கு எங்கிருந்து இந்தத் தைரியம் வந்தது என்று உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குடிக்காமல் போனார். நீங்கள் அந்தக் காபியை என்னிடம் நீட்டி, "ஏட்டி, மொதல்ல இதக் குடி" என்றீர்கள்.

கடைத்தெருவின் கடைசியில் நேந்திரங்காய் வறுவல் போடும் கடைக்காரர் தம் தகரக் கொட்டகையில் பாதியைத் தருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் கைவண்டிக்குச் சொல்லியிருந்தோம், வரவில்லை. அதற்குள் வழக்கமாக வருகிறவர்கள் காபிக்கு வந்துவிட்டார்கள். கடை மாறுகிறது என்றதும் மாடசாமி தான் உட்காரும் ஸ்டூலைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். பின்னாலேயே கடையம் ஊர் விவசாயி ஒருவர். பிறகு பஸ் கண்டக்டர். அருவியிலிருந்து ஈரத் தலையோடு வந்த இரண்டு பெண்கள்கூட ஆளுக்கொன்றைத் தூக்கிவிட்டார்கள். நாம் கேட்கவே இல்லையே மதினி! எட்டுப் பேர் தலையில் எட்டு ஸ்டூல்கள், சாரலில் நனைந்தபடி, ஒன்றன் பின் ஒன்றாகத் தெருவில் போயின. கடைக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

நீங்கள் பாய்லரைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தீர்கள். "கூரைல இடிச்சிராம பாத்துப் போங்க! கால் மூலை உதிர்ந்துரும்!" எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இன்றும் அந்தத் தெருவில் நடந்தால் உடம்பு ஒருமுறை சிலிர்க்கிறது.

கொட்டகைதான் பிறகு நம் கடை ஆயிற்று. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட நீங்கள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கால் வீங்கி, டாக்டர் நிற்கக் கூடாது என்ற பிறகும் உட்காரவில்லை. "கடைக்காரி உக்காந்தா வந்தவங்க எங்க உக்காருவாங்க?" என்றீர்கள். உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். செய்யவில்லை.

வருகிற சாரலில், கூட்டம் நெரியும் நேரத்தில், ஒரு ஸ்டூல் காலியானதும் நான் ஏறி உட்காருவேன். பக்கத்தில் யார் இருந்தாலும் சரி. உங்களுக்கும் சேர்த்து ஒரு காபியை நிதானமாகக் குடிப்பேன். இது சத்தியம். குடித்து முடித்ததும் இறங்கி, உட்கார்ந்த இடத்தைத் துடைத்துவிடுவேன்.

உங்கள் நாத்தனாராக வந்து தங்கையாகிப்போன,
கோமதி