கிட்டார் பூட்டைத் திறக்காதே

வாயாடிக்கு,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. என் மேல் உள்ள கோபத்தை அதன் மேல் காட்டாமல் சாப்பிடு.

அப்புறம், உன் கிட்டாரைத் தொட்டேன். கத்தாதே, முழுக்கப் படி. நேற்று நான் "அந்த இரைச்சலைக் கேக்க நான் வரமாட்டேன்" என்றதற்கு, "உனக்குக் காதே கிடையாதும்மா" என்றாய் அல்லவா? சாயங்காலம் நிகழ்ச்சி மேடையில் நீ முழிக்கட்டும் என்று, இன்று காலை அதன் தலையிலிருக்கும் ஆறு திருகையும் இஷ்டத்துக்குத் தளர்த்தினேன். மீட்டிப் பார்த்தால், சனியன், பழைய சுருதியிலேயே பாடுகிறது! நிஜமாகவே எனக்குக் காது போய்விட்டதோ என்று அரண்டுவிட்டேன்.

உன் அப்பா பல் தேய்த்தபடியே வந்து சிரித்தார். "கிட்டார் கழுத்துல கம்பியையெல்லாம் பூட்டுப் போட்டு இறுக்கி வச்சிருக்கா. அதுக்கு மேல நீ என்ன திருகினாலும் சுதி அசையாது. பூட்டைத் திறந்தாத்தான் நீ தளர்த்தின கம்பி மொத்தமும் தொங்கிடும்."

அதனால் வாசித்து முடிக்கும்வரை பூட்டைத் திறக்காதே. சுருதி லேசாகப் பிசகினால் கிட்டாரின் கீழ்ப்பக்கத்துக் குட்டித் திருகுகளே போதுமாம்.

நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. காது விஷயத்தில் நீ முதலில் கேள்.

அம்மா

பூனை பட்டினி மாதிரி நடிக்கும், நம்பாதே. பால் குடித்தாயிற்று.

இன்னொன்று: உன்னையும் நம்ப முடியாது. பூட்டைத் திறக்கும் அந்த வளைந்த சாவியை என் கைப்பையில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் வந்து வாங்கிக்கொள். கடைசி வரிசையில் இருப்பேன்.