முதல் கம்பியில் சத்தம் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே கிட்டார்களைத் தவிர மற்ற எல்லோரும் நலம். கல்யாண மண்டபம் உறுதியாகிவிட்டது. உன் வருங்கால மாமியார் அடிக்கடி போன் செய்து, மேடையில் உனக்கு எத்தனை பிளக் வேண்டும் என்று கேட்கிறார். எனக்கென்ன தெரியும்? நிறைய வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போனில் சொல்லாமல் இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போனில் எதையும் தனியாகப் பேச முடியாது. உன் குரல் என்றதும் உன் அத்தான் வந்து ஸ்பீக்கரைப் போட்டு, சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடுவார். முன்பு ஒருமுறை நீ பேசியபோது மாடி வீட்டுக்காரர் வரை கேட்டிருக்கிறது. மறுநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "தம்பிக்கு இருமல் விட்டுச்சாம்மா?" என்று விசாரித்தார். மெசேஜ் அனுப்பலாம் என்றால், நீ அனுப்புகிற கிட்டார் வீடியோக்களைப் பார்க்க என் போன் எந்நேரமும் அவர் கையில்தான். அதனால் ஆபீசில் சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். நடுவில் உனக்குக் கோபம் வரும். வந்தாலும் கடைசிவரை படி.

இதை ஆரம்பித்தவன் நீதான். வரவேற்பில் நீங்கள் இருவரும் பழையபடி சேர்ந்து வாசிப்பது என்று பேச்சு வந்ததும், "அத்தான், உங்க கிட்டார் கழுத்து வளைஞ்சு போச்சு, மேடைக்குத் தாங்காது. உள்ள கூடா இருக்கிற ஹாலோ பாடி எலக்ட்ரிக் ஒண்ணு வாங்குங்க, விரல்ல வாசிக்கிறவங்களுக்கு அதுதான் சரி" என்று சொன்னாய். சொன்னவன் ஒரே ஒரு மாடலைச் சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டு சொன்னாய். அன்றிலிருந்து எங்கள் வரவேற்பறையில் மனிதர்கள் உட்கார இடமில்லை.

இரண்டையும் கிட்டார் கடைத் தாடிக்காரர் வீட்டுக்கே கொடுத்து அனுப்பினார். அவர் கடை நோட்டீசெல்லாம் உன் அத்தானின் அச்சகத்தில் அடிப்பதுதான். அந்தப் பழக்கத்தில், "வச்சு வாசிச்சுப் பாருங்க சார், அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டார். அவசரமே இல்லை என்று இவரிடம் சொல்லலாமா?

பெரியதற்குக் குண்டன் என்று பெயர் வைத்தேன். பயணப் பெட்டி மாதிரி ஆழமான உடம்பு. மடியில் வைத்தால் இவர் தலை மட்டும் மேலே தெரியும். மின்சாரம் இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்கும். ஆனால் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியில் மாட்டிக் கொஞ்சம் சத்தம் வைத்தால் ஊளையிட ஆரம்பித்துவிடும். இன்னொன்று ஒல்லி. உள்ளே நடுவில் மரக்கட்டை ஓடுகிறதாம், அதனால் ஊளை இல்லை, மேடைக்கு நல்லது. ஆனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அட்டைப் பெட்டியைத் தட்டின மாதிரிதான் கேட்கிறது. போதாததற்குக் கம்பிகள் நெருக்கமாம். இவர் விரல் தடிமனுக்குப் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து முனகுகிறதாம். இதையெல்லாம் நான் எங்கே போய்ப் படித்தேன்? தினமும் காப்பி குடிக்கும்போது, பரிமாறும்போது, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு என்று சொல்லிச் சொல்லி என் காதில் ஏற்றியதுதான்.

வலது கையில் நகம் வேறு வளர்க்கிறார். கம்பியைச் சுண்ட நகம் வேண்டுமாம், தண்ணீரில் ஊறினால் உடைந்துவிடுமாம். ஆகவே பாத்திரம் கழுவுவதில்லை. உன் மருமகள், அதுதான் எங்கள் வீட்டுக் குட்டி, "நானும் நாளையிலேர்ந்து நகம் வளக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். கழுவுவது யார் என்று உனக்கே தெரியும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். வீட்டை நிஜமாகவே ரெண்டாக்கியது, ஆறு கம்பியில் எல்லாவற்றையும்விட மெல்லிசாக, கீச்சென்று கேட்கிற முதல் கம்பிதான். குண்டனை எடுத்தால், "மத்ததெல்லாம் ஜோர், முதல் கம்பி மட்டும் செத்துக் கெடக்கு" என்பார். ஒல்லியை எடுத்தால் அதே பேச்சு. தாடிக்காரர் வந்து கம்பி மாற்றினார். வேறு ரகம் போட்டு மறுபடி மாற்றினார். கம்பிக்கு அடியிலிருந்து சத்தத்தை வாங்கும் பிக்கப்பைத் திருகாணி வைத்து முதல் கம்பிப் பக்கம் மட்டும் உயர்த்திக் கொடுத்தார். அதுவும் ஆகவில்லை என்று மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். அதிலும் முதல் கம்பி செத்தே கிடந்தது. அந்த நேரத்தில் குட்டி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "அம்மா, பல்லு கூசுது, அப்பாவைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு" என்று கத்தினாள். பாட்டுப் பிடிக்காத பெண் என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு இவர் வாசித்ததைப் பதிவு செய்து உனக்கு அனுப்பியதும், நீ, "முதல் கம்பி ஊசியா குத்துது அத்தான், கீச்சுச் சத்தத்தை ஏத்தற அந்த ட்ரெபிளைப் பாதியாக் குறைங்க" என்றதும், அதற்கப்புறம் நடந்ததும் எனக்கு மனப்பாடம். "உன் தம்பிக்குக் காது போச்சு. வருஷக்கணக்கா நாடகக் கொட்டகையில சவுண்டு பாக்கறேன்னு ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு உக்காந்தா வேற என்ன ஆகும்?" என்று ஸ்பீக்கரில் உன் காதுபடவே சொன்னார். நீயும் சும்மா இருந்தாயா? "என் காதுக்குத்தான் அத்தான் இங்க சம்பளம் தராங்க" என்று ஒரு போடு போட்டுவிட்டுப் போனை வைத்தாய். அன்றைக்கு நின்ற பேச்சுதான். மாப்பிள்ளை நீ, மேடைக்குத் துணை அவர். இரண்டு பேரும் ஒரு கம்பிக்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

போன சனிக்கிழமை பொறுக்க முடியாமல், இன்றைக்கு ஒன்றை முடிவு செய்யாமல் வீடு திரும்பப் போவதில்லை என்று குட்டியையும் கூட்டிக்கொண்டு அவரோடு கடைக்குப் போனேன். பின்பக்கம் வாசித்துப் பார்க்க ஒரு சின்ன அறை இருக்கிறது, சுவரெல்லாம் சத்தத்தை அடக்க ஒட்டின பஞ்சு. தாடிக்காரர் ஒல்லியை ஆம்பில் மாட்டி, ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, முதல் கம்பியைத் தானே சுண்டினார். சங்கீதம் தெரியாத எனக்கே உடம்பு தூக்கிப் போட்டது. குட்டி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். வெளியே கீபோர்டு பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வாசித்ததை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

உன் அத்தான் மட்டும் தலையைக் குனிந்து, இடது காதை ஆம்புக்குப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வைங்க" என்றார்.

"இதுக்கு மேல குமிழ் திரும்பாது சார்" என்றார் தாடிக்காரர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் குனிந்து, இறுக்கமாகவே இருந்த ஒரு திருகாணியை மறுபடி இறுக்க ஆரம்பித்தார்.

இத்தனை வருஷம் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற மனிதர். வாசல் மணி அடித்தால் எழுந்திருக்க மாட்டார், சோம்பேறித்தனம் என்று திட்டுவேன். கொஞ்ச நாளாக நான் பேசும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த வயதில் ஆசையாக்கும் என்று நினைத்தேன், போ.

அன்று வீட்டுக்கு வந்ததும் குட்டி பக்குவமாகத்தான் கேட்டாள்: "அப்பா, ஒரு தடவை காதைக் காட்டிட்டு வந்துடலாமா?" வந்ததே கோபம்! "கிட்டார் பழுதா இருந்தா என்னை ரிப்பேர் பண்ணுவீங்களா?" என்று எழுந்து போய்விட்டார். மறுநாளே ஒல்லியையும் மூன்றாவதையும் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். தாடிக்காரருக்கு நல்ல சரக்கு வைக்கத் தெரியவில்லையாம். உனக்குக் காது போய்விட்டதாம். தரமான கிட்டார் கிடைக்காததால் வரவேற்பில் வாசிக்கப் போவதில்லையாம். மண்டபத்துக்கு அதைச் சொல்லிவிடும்படி எனக்கு உத்தரவு. நான் சொல்லவில்லை.

ஆனால் குண்டனை மட்டும் அனுப்பவில்லை. நேற்று ஆபீசிலிருந்து கொஞ்சம் முன்னதாக வந்தேன். பின் அறையில் ஆம்ப் இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய உடம்பின் மேல் விளிம்பில், அதிர்வை எலும்பில் வாங்குகிற மாதிரி தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்த முதல் கம்பியை மட்டும் திரும்பத் திரும்பச் சுண்டினார். நான் நின்றது தெரிந்ததும் தாடையை எடுத்துவிட்டு, "கழுத்து வலி" என்றார். நானும் தைலம் எடுத்துக் கொடுத்தேன். தேய்த்துக்கொண்டார்.

பிறகு நான் கேட்காமலே சொன்னார்: "ஒருவேளை வாசிக்கிறதா இருந்தா, மெல்லிசுக் கம்பி வேலையெல்லாம் உன் தம்பியே பாத்துக்கட்டும். நான் கட்டைவிரல்ல தடிக் கம்பியை மட்டும் ஓட்டிக்கறேன்." மெல்லிசுக் கம்பியில் ஓடுகிற பாட்டின் மெட்டு எப்போதும் அவருடையதுதான் என்றும், உனக்கு அதை விட்டுத்தர மாட்டார் என்றும் நீ எத்தனை தடவை என்னிடம் குறைப்பட்டிருப்பாய். இப்போது விட்டுத்தருகிறார். எனக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை.

இனிமேல் குண்டனா ஒல்லியா என்று ஒரு வீடியோகூட அனுப்பாதே. குண்டனையே வைத்துக்கொள்கிறோம் என்று தாடிக்காரரிடம் நான் சொல்லிவிட்டேன். ஊளையிட்டால் இட்டுவிட்டுப் போகட்டும், ஒலியெல்லாம் பார்ப்பது உன் தொழில்தானே, எப்படி அடக்குவது என்று நீ பார்த்துக்கொள்.

உன்னிடம் நான் கேட்பது வேறு. கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து இறங்காமல் இரண்டு வாரம் முன்னதாக வா. வந்ததும் அவரிடம், "நீங்க சொன்னது சரிதான் அத்தான், என் காதுலதான் கோளாறு. டாக்டர்கிட்ட போகணும், தனியாப் போகப் பயமா இருக்கு, கூட வாங்க" என்று சொல். உன் காதைப் பற்றி நீ அப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். சம்பளம் வாங்குகிற காது. இருந்தாலும் சொல். உன்னைத் தோற்கடித்த சந்தோஷத்தில் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அங்கே போன பிறகு, முதலில் அவரை உட்கார வை.

மேடையில் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்துகொள். முகம் அவர் பக்கம் இருக்கட்டும். மெட்டை வாங்கிக்கொள்ளாதே. அதை அவரே வாசிக்கட்டும்.

நீயும், உன் கையைப் பிடிக்க வருகிறவளும் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்க நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

சீக்கிரம் வந்து சேர்.

உன் அக்கா