காலிக் கட்டில்களுக்கு ஒரு நாவல்

அன்புள்ள தாமரைக்கு,

அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பைக் கட்டியாளும் சக்கரவர்த்தியான உன் கணவன் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

வெள்ளிக்கிழமைகளில் ரூமில் நான் நாவல் வாசிப்பேன், மற்றவர்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார்கள் அல்லவா? இந்த வாரம் இஸ்ரேல் எழுத்தாளர் ஒருவரின் நாவலை எடுத்தேன்.

"காஸாவுல பிள்ளைங்க சாகுது, அவன் புக்கு எதுக்கு மாமா? மூடு" என்றான் பக்கத்துக் கட்டில் அன்பரசன்.

"குண்டு போடுறவனைத் திட்டு, நானும் கூட வர்றேன். கதை எழுதினவன் வாயை ஏண்டா பொத்தணும்?" என்று எல்லை தாண்டி தம்மாம் வரை மணல் பறக்க முழங்கினேன்.

எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நானும் விடவில்லை, காலிக் கட்டில்களுக்கு முழு அத்தியாயத்தையும் வாசித்தேன். வெங்காயத்தையும் நானே உரித்ததால் கண் கொஞ்சம் கலங்கியது. வரும் வெள்ளியும் அதே நாவல்தான்.

பார்சலில் முறுக்கு கூடுதலாக வை, அன்பரசனுக்குப் பிடிக்கும். டூட்டி பஸ் ஹாரன் அடிக்கிறது.

கார்மேகம்